நாலாவது கோடு

ஸ்ரெப்ரா, 7 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ரலீட்சா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி வீட்டில் சுகம். உன் இருமல் விட்டதா? குடைமிளகாய் சுட்டு உரித்து ஜாடிகளில் அடைத்தாயிற்று. உன் பங்கு பதினெட்டு ஜாடி, அலமாரியில் தனியாக வைத்திருக்கிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ கோபித்துக்கொள்வாய் என்று அம்மா இத்தனை நாள் எழுதவிடவில்லை. மேல் நிலையத்தில்தான், நீ முன்பு செயற்கைக்கோள் செய்த அதே இடத்தில். காலை ஐந்து மணிக்குப் போய்த் தரை துடைக்க வேண்டும், பதிவு இயந்திரங்களில் தாள் சுருள் தீர்ந்தால் மாற்ற வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பலகை முன்னால் நிறுத்தினால் என் நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். இங்கே துடைப்பத்தோடு போனால் யாரும் என்னைப் பார்ப்பதே இல்லை. அது நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நிலையத்தின் முன்கதவில் ஒரு இறப்புத் தாள் ஒட்டியிருக்கிறது. நம் வீட்டுக் கதவில் அப்பாவுக்கு ஒட்டியிருப்பதைப் போலவே, கறுப்புக் கரையோடு. 'மின்மினி. பதினோரு மாதம் வாழ்ந்தது' என்று போட்டிருக்கிறது. தேதியும் நேரமும் மழையில் கரைந்துவிட்டன. கீழே 'துயரத்தில்' என்று எழுதி, பெயர் போடும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். படம் இருக்கிறது. மேசைமேல் நீ செய்த அந்தச் செயற்கைக்கோள். அதன்மேல் ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டோடு வெட்டியிருக்கிறது. கட்டை விரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தீத்தழும்பு. அக்கா, அது உன் கை.

நடைவழியில் சட்டம் போட்ட பெரிய படத்திலும் அதே கைதான். நான்கு ஆண்கள் நிற்கிறார்கள், வலது ஓரத்தில் கை மட்டும் இருக்கிறது. தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன். அந்த இடம் வரும்போது மெதுவாகத் துடைக்கிறேன், ஏனென்று தெரியவில்லை.

என்னோடு வேலை செய்கிற தோத்கா சித்தி சொன்னாள்: "அந்தத் தாளைத் தொட்டுடாதடி. செத்தவங்க தாளைக் கிழிக்கக் கூடாது. நம்ம தலைவரே அதுக்குப் பயந்துக்கிட்டு நிலக்கரிக் கிடங்குப் பக்கக் கதவு வழியாத்தான் போறாரு, பாரு." நிஜம்தான். தலைவர் கொலேவ் முன்கதவைப் பயன்படுத்துவதே இல்லை.

பின்னறையில் வானத்து ஒலியை வாங்கும் ஒரு பழைய ரேடியோ ஏற்பி, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'தொடாதே' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. மேலே கை வைத்தால் பசுவின் விலாவைப் போல் வெதுவெதுப்பாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உன்னை விசாரிக்கிறாள்.

உன் தங்கை,
ரலீட்சா


ப்ளோவ்டிவ், 19 அக்டோபர் 1984

ரலீட்சா,

உன் கடிதம் வந்தது. இருமல் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், இரவில் தடவிக் கம்பளித் துணி சுற்றச் சொல். ஜாடிகள் இருக்கட்டும், எப்போதாவது எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இங்கே எப்போதும்போல்தான். தூக்கு வண்டிகளுக்கு வரும் பேட்டரிகளைச் சோதிக்கிறேன். பிரிவில் பதினோரு பொறியாளர்கள், ஏழு பேர் பெண்கள். தலைமைக்கு மட்டும் ஆண் வேண்டியிருக்கிறது. வண்டிகள் தரையை விட்டு இரண்டு மீட்டருக்கு மேல் எதையும் தூக்குவதில்லை. நிம்மதியான வேலை.

கோபம் இல்லை. பின்னறையில் அதிக நேரம் நிற்காதே, அங்கே ஈரம். அந்தத் தாளைப் பற்றி அம்மாவிடம் சொல்லாதே. எனக்கும் எழுதாதே.

காலுறை பின்னி அனுப்புகிறேன். குளிருக்கு முன் வந்துசேரும்.

நெவேனா


ஸ்ரெப்ரா, 5 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் களிம்பு அம்மாவுக்குக் கேட்கிறது, மாடிப்படி இரண்டு ஏறினாள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எழுதாதே என்றாய். ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

சனிக்கிழமை முன்னோர் நாள். நானும் அம்மாவும் கோதுமை வேகவைத்து அப்பாவின் கல்லறைக்கு எடுத்துப்போக இருந்தோம். அதற்கு முன் வேலைக்குப் போனேன். மலை முழுக்க மூடுபனி, கை நீட்டினால் விரல் தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லை. பின்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஏற்பியிலிருந்து ஒரு ஒலி வந்தது. முதலில் கெட்டில் என்று நினைத்தேன். மெல்லிய ஒற்றை ஊதல். உயர்கிறது, தளர்கிறது, நின்றுவிடுகிறது. ஏழெட்டு விநாடி கழித்து மறுபடியும் தொடங்குகிறது. நோயாளி மூச்சு விடுவதைப் போல. அப்பா கடைசி வாரத்தில் அப்படித்தான் விட்டார்.

பக்கத்தில் இருந்த பதிவு இயந்திரத்தின் பேனா நகர்ந்தது. நான் வந்த நாளிலிருந்து அது நேர்கோடுதான் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஆறு கோடுகள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே ஆறு. சில உயரம், சில குட்டை. பின்னல் மாதிரிபோல அதே வரிசை திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது நிமிடம். பிறகு நேர்கோடு.

அன்றிலிருந்து தினமும் வருகிறது. ஆறு மணிக்குச் சற்று முன், அல்லது சற்றுப் பின். நேற்று நான் வாளியை வைத்துவிட்டு அதற்காகக் காத்திருந்தேன்.

அம்மாவிடம் கோடுகளைப் பற்றிச் சொல்லவில்லை, ஊதலைப் பற்றி மட்டும் சொன்னேன். அம்மா கோதுமைக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தனித் தட்டில் வைத்தாள். "இரும்புக்கு எதுக்கும்மா கோதுமை?" என்றேன். "யாருன்னு தெரியாம கூப்பிட்டுக்கிட்டு இருக்கு. வெச்சா என்ன குறைஞ்சுடும்?" என்றாள்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் ரலீட்சா


ப்ளோவ்டிவ், 28 நவம்பர் 1984

ரலீட்சா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆண்டிறுதிச் சோதனைகள். நான் நலம். காலுறைகள் இரண்டு ஜோடி, ஒன்று அம்மாவுக்கு. இங்கே பனி விழுந்துவிட்டது. பக்கத்து அறைக்காரி புது வானொலி வாங்கியிருக்கிறாள், இரைச்சல் தாங்கவில்லை.

அம்மாவை உப்பு குறைக்கச் சொல்.

நெவேனா

ஆறு கோடுகளில் நாலாவது உயரமா, குட்டையா?


ஸ்ரெப்ரா, 6 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை கச்சிதம். அம்மா போட்டுக்கொண்டே தூங்குகிறாள். இருவரும் சுகம். நீயும் அப்படித்தானே?

நாலாவது உயரம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும் உயரம். மற்றவற்றையும் பார்த்துப் பார்த்து வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். குளிரில் விரல் விறைத்திருந்ததால் இரண்டாவது கோடு வளைந்திருக்கிறது, உண்மையில் அது நேர்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இளம் பொறியாளர் விளாதோவிடம் சுருளை நீட்டினேன். வாய் திறக்க முடியவில்லை, வெறுமனே நீட்டினேன். அவன் பார்த்துவிட்டு அறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"பாருங்கப்பா, துடைப்பக்காரி செத்தவங்களோட பேசறா! பொண்ணே, அது டாக்ஸிக்காரங்க ரேடியோ. உங்க குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கோ?"

பிற்பகலில் தலைவர் கொலேவ் பின்னறைச் சுருள்களை எல்லாம் அடுப்பில் போடச் சொன்னார். நான் பழைய வெற்றுச் சுருள்களைப் போட்டேன். கோடு விழுந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மிளகாய் ஜாடிகளைச் சுற்றி வைத்திருக்கிறேன். நான் இதற்கு முன் எதையும் திருடியதில்லை.

தோத்கா சித்தி அன்று படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னாள்: "உங்க அக்கா இந்த நடைவழியில நின்னுக்கிட்டு தலைவரைப் பார்த்துக் கத்தினது எனக்கு ஞாபகம் இருக்குடி. 'அது தூங்கட்டும், எழுப்பாதீங்க'ன்னு. பச்சக் குழந்தையைச் சொல்ற மாதிரி. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நீ போய் அப்பாவைப் பாரும்மா, இங்க நாங்க இருக்கோம்'ன்னாரு." அதற்குமேல் அவளுக்குத் தெரியவில்லை.

நான்கு நாட்களாக ஊதல் வரவில்லை. பேனா நேர்கோடு போடுகிறது. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

ரலீட்சா


ப்ளோவ்டிவ், 20 டிசம்பர் 1984

அன்புள்ள ரலீட்சா,

நீ எந்தத் தவறும் செய்யவில்லை. உன் வளைந்த கோட்டை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று எழுத நினைத்தேன். கணக்குப் பார்த்தால் பத்து நாள்தான் ஆகிறது.

அதுதான். மின்மினி.

அதன் பேட்டரி செத்துப்போனது உண்மை. ஆனால் செத்த பேட்டரி வருடங்கள் கழித்து உள்ளுக்குள் அறுந்து வழிவிடும். அப்புறம் வெயில் படும்போதெல்லாம் மின்சாரம் நேராக உள்ளே போகும். உருண்டுகொண்டே பறப்பதால் வெயில் பட்டுப் பட்டு மறைகிறது. நீ கேட்ட மூச்சு அதுதான். இப்போது நிழலுக்குள் போயிருக்கிறது. பிப்ரவரி கடைசியில் மறுபடி வெயிலுக்கு வரும். மார்ச் முடிவதற்குள் கீழே இறங்கி எரிந்துபோகும். அவ்வளவுதான் அதற்கு மிச்சம்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் குளிர்காலத்தில் நிழலுக்குள் போனது. பேட்டரியில் கொஞ்சம்தான் இருந்தது. எதையும் போடாமல் விட்டால் வசந்தத்தில் தானே எழும் என்றேன். எழுதியும் கொடுத்தேன். கொலேவுக்கு ஜனவரியில் தலைநகரிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது, அவர்களுக்குக் காட்ட அது விழித்திருக்க வேண்டும். அப்பா இறந்து, நான் நான்கு நாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். திரும்பிப் போனபோது மின்மினி பேசவில்லை. யாரோ அதன் ஹீட்டரைப் போட்டு, பேட்டரியில் மிச்சமிருந்ததையும் தீர்த்துவிட்டார்கள் என்றேன். பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். அப்படி ஒரு ஆணையே அதில் இல்லை. விசாரணைக் குழு எழுதியது: 'மின் அமைப்பின் வடிவமைப்பில் பிழை. பொறுப்பான பொறியாளரின் கவனம் குடும்பக் கவலைகளால் சிதறியிருந்தது.' அந்தக் குளிர்காலத்தில் மூன்று ஆண்கள் பனிச்சறுக்குக்கு விடுப்பில் போனார்கள். அவர்கள் கவனம் எங்கும் சிதறவில்லை.

அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு வந்தேனே, அன்று நிலையத்துக்குப் போய் என் பெட்டியை எடுத்துக்கொண்டேன். கதவில் அந்தத் தாள் இருந்தது. அப்பாவின் தாளில் பசை காயவில்லை, அதற்குள் இந்தக் கேலி. அன்றே பேருந்து ஏறினேன். அதனால்தான் வருவதில்லை, ரலீட்சா. அம்மாவுக்கு வேறு காரணம் சொல்லியிருந்தேன்.

நாலாவது கோடு ஹீட்டர், உயரமாக இருந்தால் அது போட்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சுவிட்ச் ஒருமுறை போட்டால் போட்டபடியே நிற்கும், மின்சாரம் போனாலும் மாறாது. அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அது எதையும் மறப்பதில்லை.

ஆனால் துடைப்பக்காரி வரைந்த கோட்டையும், குற்றவாளியின் வீட்டு அலமாரியில் கிடைத்த சுருளையும் யார் சாட்சியாக எடுப்பார்கள்? நிலையத்துக்குள் வர அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. பண்டிகைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

நெவேனா


ஸ்ரெப்ரா, 16 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அம்மா சுகம். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உன் அனுமதி வந்ததா?

முந்தாநாள், ஜனவரி 14, காலையில் போனபோது கதவில் புதுத் தாள். பசை ஈரமாக இருந்தது. சுற்றிலும் புதுப்பனி, ஒரு காலடிகூட இல்லை. என்னுடையது மட்டும்தான். நான் வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். யாரும் வராமல் தாள் எப்படி வந்தது? அப்புறம்தான் புரிந்தது: ஒட்டியவர் வெளியிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

'மின்மினி இல்லாத மூன்று ஆண்டுகள்.' அதே வெட்டிய கை. கீழே அதே வெற்றிடம். இந்தத் தடவை எழுத்து தெளிவாக இருந்ததால் பார்த்து எழுதியிருக்கிறேன்: 'மறைவு: 14 ஜனவரி 1982, காலை 5.42.'

இறப்புத் தாளில் யாராவது நிமிடம் போடுவார்களா? அப்பாவுக்குக்கூட நாம் தேதி மட்டும்தான் போட்டோம்.

விளாதோ வந்து பார்த்தான், சிரிக்கவில்லை. "யாருடா இது? மூணு வருஷமா இதே வேலையா? எனக்குச் சிலிர்க்குது" என்றான். எல்லோரும் நான் இல்லை என்றார்கள். இரவுப் பணி பார்க்கும் திமோ மாமா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதுமே பேசமாட்டார், அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். மேலங்கியை மாட்டிக்கொண்டு போனார். சட்டைக் கையின் ஓரத்தில் மாவுப் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது.

ஏற்பியில் 'தொடாதே' என்று எழுதியிருப்பதும் அவர் கையெழுத்துதான். இப்போது கதவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

உன் ரலீட்சா


ப்ளோவ்டிவ், 30 ஜனவரி 1985

ரலீட்சா,

வெந்நீரில் தேன் கலந்து குடி.

அனுமதி கிடைக்காது என்று பதில் வந்துவிட்டது. காரணம் எழுதவில்லை.

பதிவேட்டின்படி மின்மினியோடு தொடர்பு அறுந்தது ஜனவரி 15 மாலை. 14 காலையில் எதுவும் நடக்கவில்லை. 5.42 எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த நிமிடத்தில் பொத்தானை அழுத்தியவருக்கு மட்டும்தான் அது தெரியும்.

மூன்று வருடம் அதைக் கேலி என்று நினைத்திருந்தேன். திமோ நிஜமாகவே துக்கம் காத்திருக்கிறார். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒவ்வொரு வருடமும் ஒரு தாள். பெயர் மட்டும் போட முடியவில்லை.

இதோடு ஒரு துண்டுச்சீட்டு இருக்கிறது. அதில் நான்கு எண்கள். ஹீட்டரை அணைக்கும் ஆணை. மார்ச் 8 காலையில் மின்மினி உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டேன், இரண்டு தடவை, பிறகு ஒருமுறை பின்னாலிருந்து. 5.42. நான் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்று அந்த எண்களை அனுப்பி, நாலாவது கோடு குட்டையானால், ஹீட்டர் அதுவரை போட்டிருந்தது என்பது உறுதி. வடிவமைப்பு வேலை செய்கிறது என்பதும் உறுதி. அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அனுமதி இல்லாமல் அனுப்பினால் அவருடைய ஓய்வூதியம் போய்விடும். அதனால் நான் கேட்கப்போவதில்லை. சீட்டை அவர் மேசையில் வை. பேச வேண்டாம்.

நெவேனா


ஸ்ரெப்ரா, 10 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மா உனக்குச் சிவப்பு வெள்ளை நூல் முறுக்கி வைத்திருக்கிறாள், இதோடு இருக்கிறது, வசந்தச் சகுனத்துக்குக் கையில் கட்டிக்கொள், முதல் நாரையைப் பார்க்கும்வரை கழற்றாதே.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 26 அன்று ஊதல் திரும்பி வந்தது. முன்பைவிட வேகமாக, மூச்சு வாங்குவதைப் போல. அன்றே சீட்டைத் திமோ மாமாவின் மேசையில் வைத்தேன். அவர் எடுத்துப் படித்தார்.

"உங்க அக்கா என்னைத் திட்டி எழுதியிருக்காளா?"

"இ... இல்ல."

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு பத்து நாள் என் பக்கமே திரும்பவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். ஆனாலும் மார்ச் 8 அன்று நாலரைக்கே போய்விட்டேன். அவர் பின்னறையில் சவரம் செய்து, தேவாலயத்துக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா. அந்த நாற்காலில உக்காரு. கோட்டை நீ பாரு, என் கண்ணு இன்னைக்கு நம்பற மாதிரி இல்ல."

5.39க்கு ஊதல் வந்தது. பேனா ஆறு கோடு போட்டது. நாலாவது உயரம். மறுபடி ஆறு. உயரம். கடிகாரத்தில் 5.42 ஆனது. அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தேன்," என்றார். "கொலேவ் பின்னால நின்னுக்கிட்டு இருந்தாரு. போடுடா போடுடான்னு. போட்டேன். ரெண்டே நிமிஷம், சத்தம் அப்படியே அடங்கிப் போச்சு. பதிவேட்டுத் தாளைக் கிழிச்சு வேற எழுதச் சொன்னாரு. அதையும் எழுதினேன்."

நான்கு எண்களையும் அழுத்தினார்.

ஊதல் நின்றது. அதை மறுபடி கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன். எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பிறகு வந்தது. ஒன்று உயரம், இரண்டு குட்டை, மூன்று உயரம், நாலு...

குட்டை, அக்கா. நாலாவது குட்டை. அடுத்ததிலும் குட்டை. மூன்று வருடம் இருட்டில் சுற்றிவிட்டு, நீ சொன்னதைக் கேட்டது.

திமோ மாமா பதிவேட்டில் எழுதினார். அன்றைய ஆணை, நேரம், கையெழுத்து. அதற்குக் கீழே 1982 ஆணையையும் எழுதினார், யார் சொல்லிப் போட்டது என்பதோடு. சுருளைக் கத்தரித்து அதில் ஒட்டினார். மாவுப் பசையால்தான்.

பத்து மணிக்கு மகளிர் நாள் கூட்டம். தலைநகரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், நரைத்த முடி, அவரும் பொறியாளர். கொலேவ் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கார்னேஷன் பூக் கொடுத்தார். நடைவழியில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். "நம்ம நாட்டுல ஆண் பெண் வித்தியாசம் எப்பவோ ஒழிஞ்சு போச்சு. இந்த நிலையத்தைப் பொறுத்தவரை பெண்கள்தான் எங்க கை!"

அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, ஒரு கை தெரியுது. யாரோட கை இது?" என்றார்.

விளாதோ கூரையைப் பார்த்தான். கொலேவ், "பழைய படம். யாரோ உதவிக்கு வந்த பொண்ணு" என்றார்.

பூவின் காம்பு என் கையில் உடைந்துவிட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. பலகை முன்னால் நிற்பதைப் போலவே. எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போகப்போகிறார்கள் என்று தெரிந்தது.

"எ... எங்க... எங்கக்காவோடது," என்றேன். "நெவேனா. அ... அவதான் செஞ்சா."

என் குரல் அந்த நடைவழியில் எவ்வளவு சத்தமாகக் கேட்டது! தோத்கா சித்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போது திமோ மாமா பதிவேட்டை விரித்தபடி வந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் நின்றபடியே படித்தார். கொலேவ் எட்டிப் பார்த்தார், மீதிப் பூக்கள் கையில் இருந்தன, கொடுக்க ஆள் இல்லை.

பதிவேட்டை அவர் பையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். என் சுருள்களும் வேண்டுமாம். ஜாடிகளைச் சுற்றியிருந்ததைப் பிரித்துக்கொடுத்தேன்.

உன் ரலீட்சா


ப்ளோவ்டிவ், 21 ஏப்ரல் 1985

அன்புள்ள ரலீட்சா,

நான் நலம். நாரையைப் பார்த்தேன், நூலைப் பாதாம் மரத்தில் கட்டினேன்.

மார்ச் 29 அன்று மின்மினி தெற்குக் கடலுக்கு மேலே எரிந்தது. அன்று மாலை வேலையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த பெண்மணி யார் போனது என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், ஒரு சொந்தம் என்றேன்.

குழுவின் கடிதம் வந்திருக்கிறது. 'வடிவமைப்பில் பிழை என்ற வரி நீக்கப்படுகிறது.' அவ்வளவுதான். தேதியைத் திருத்துவதைப் போல ஒரு வரி. கவனம் சிதறியது என்ற வரியைப் பற்றி ஒன்றும் இல்லை. பழைய இடத்துக்கு வரலாம் என்று தனியாக ஒரு தாள். திமோவுக்கு ஓய்வூதியத்தில் பாதி வெட்டு. கொலேவுக்குக் கண்டிப்பு, ஆனால் நாற்காலி அவருடையதுதான்.

பதில் எழுதவில்லை. அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போக முடியும் என்று தோன்றவில்லை. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. உனக்கு அது எப்படிப்பட்ட சுகம் என்று தெரியும்.

அம்மாவுக்கு முத்தம்.

நெவேனா


ஸ்ரெப்ரா, 7 மே 1985

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் சுகம். உன்னை வேலைக்குத் திரும்ப அழைத்த தாளுக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை என்று நம்பி, இதை அவசரமாக எழுதுகிறேன்.

இன்று மின்மினிக்கு நாற்பதாம் நாள். திமோ மாமா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். நேற்று அவரிடம் போனேன். "இந்தத் தடவை நீதான் எழுதணும்" என்று பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் கொடுத்தார். இன்னொன்றும் கொடுத்தார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாளை நானே எழுதினேன். 'மின்மினி. நான்கு ஆண்டு இரண்டு மாதம் வாழ்ந்தது. மூன்று ஆண்டு யாரும் கேட்கவில்லை. மறைவு: 29 மார்ச் 1985. துயரத்தில்:' அந்த வெற்றிடத்தில் எழுதினேன்: 'இதைச் செய்த பொறியாளர் நெவேனா கராஜோவா. தவறிழைத்த திமோ. கேட்டவள் ரலீட்சா.' முன்கதவில் ஒட்டினேன். பிறகு சுற்றிப்போய் நிலக்கரிக் கிடங்குப் பக்கக் கதவிலும் ஒன்று ஒட்டினேன்.

ஏழரைக்குக் கொலேவ் வந்தார். பக்கக் கதவைப் பார்த்து நின்றார். முன்பக்கம் வந்தார். அங்கேயும் பார்த்தார். நான் வாளியோடு படிக்கட்டில் இருந்தேன், பின்னால் விளாதோவும் மற்றவர்களும். அவர் கை தாளின் ஓரம்வரை போனது. கிழிப்பார் என்று நினைத்தேன். தோத்கா சித்தி மெதுவாக, "செத்தவங்க தாளு, தலைவரே" என்றாள். கை அங்கேயே நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். உன் பெயருக்கு முன்னால், அக்கா, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மழைத்தூறலில் நின்றுவிட்டு உள்ளே போனார். தாளை மழைதான் கரைக்க வேண்டும், வேறு யாராலும் முடியாது.

அதற்கு முன், காலை ஐந்தரைக்குப் பின்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஏற்பி இன்னும் ஓடுகிறது, அணைக்க யாரும் முன்வரவில்லை. கை வைத்தேன், வெதுவெதுப்பு. பேனா நேர்கோடு போட்டது. 5.42க்கு மட்டும் ஒருமுறை மிகக் கொஞ்சமாக, மயிரிழை அளவு உயர்ந்து இறங்கியது. அடிவாரத்தில் சரக்கு ரயில் போயிருக்கலாம். அந்த இடத்தைக் கத்தரித்து உனக்காக வைத்திருக்கிறேன். என்னவென்று வந்து பார்த்துச் சொல்.

திமோ மாமா கொடுத்தது இதுதான்: நடைவழிப் படத்தின் வெட்டாத பிரதி. உயிரோடு இருப்பவளை இறப்புத் தாளில் போடக் கூடாது என்றுதான் தன் தாளில் உன் கையோடு நிறுத்தினாராம். "நடைவழியில வெட்டினது நான் இல்லம்மா, அதுல செத்தவங்க யாரும் இல்லையே, நான் எதுக்கு வெட்டணும்?" என்றார்.

இன்று கண்ணாடியைத் துடைக்கும்போது சட்டத்தைக் கழற்றி, படத்தை மாற்றிவிட்டேன். துடைப்பதும் மாட்டுவதும் என் வேலைதானே, யாரும் என்னைப் பார்க்கவில்லை. கையோடு சேர்ந்து இப்போது தோளும் முகமும் இருக்கின்றன. நீ சிரிக்கவில்லை, செயற்கைக்கோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எந்தக் கதவு வழியாக வந்தாலும் அந்த முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நீ உள்ளே வந்துவிட்டாய், அக்கா. மீதி நீ மட்டும்தான் வர வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பேருந்து இருக்கிறது. ஜாடிகள் பதினெட்டும் அப்படியே இருக்கின்றன.

உன் தங்கை,
ரலீட்சா